பிடித்த பணம் யார் பொறுப்பில்: தனியார் துறை ஓய்வூதிய நிதிகளின் நிர்வாகம்

தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு ஓய்வுக்காலத்தில் கிடைக்கும் பணம் இந்தியாவில் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் வருங்கால வைப்பு நிதி, அதோடு ஒட்டிய ஓய்வூதியத் திட்டம், வேலையை விட்டுப் போகும்போது தரப்படும் பணிக்கொடை, பெரிய நிறுவனங்கள் தாமாக முன்வந்து நடத்தும் ஓய்வூதிய டிரஸ்ட், 2011 முதல் நிறுவனங்கள் வழியாகவும் சேரக்கூடிய தேசிய ஓய்வூதியத் திட்டம் என ஐந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, மேற்பார்வை வேறு. ஆனால் எதை எடுத்துக்கொண்டாலும் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும்? முதலீட்டையும் வட்டியையும் விதிகளையும் தீர்மானிக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள்? நட்டம் தொழிலாளியின் தலையில் விழும் திட்டங்களில்தான் அவருக்கு இருக்கை குறைவு என்பது ஐந்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது தெரியவரும்.

சுதந்திரத்துக்கு முன்பே சில ஆலைகளும் கம்பெனிகளும் வைப்பு நிதி நடத்தின. 1925ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டம் அரசு, ரயில்வே போன்ற துறைகளுக்கு உரியது. தனியார் நிதிகளுக்கு 1882ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டமும் முதலாளியின் நாணயமும்தான் காவல். நிதியே வைக்காத முதலாளிகள்தான் பெரும்பான்மை. அவர்களைக் கட்டாயப்படுத்த வழியும் இல்லை. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1948இல் தனிச் சட்டம் வந்தது. மற்ற தொழில்களுக்கு 1951 நவம்பர் 15 அன்று அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அதுவே தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டமானது. தொடக்கத்தில் சிமென்ட், சிகரெட், பொறியியல் பொருட்கள், இரும்பு எஃகு, காகிதம், நெசவு என்ற ஆறு தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. 50 பேராவது வேலை செய்ய வேண்டும், சந்தா 6.25 சதவீதம். 1960இல் அந்த எண்ணிக்கை 20 ஆகக் குறைந்தது. இன்று பெரும்பாலான தொழில்களுக்குச் சந்தா 12 சதவீதம்.

சட்டம் எப்படி நடக்கிறது என்பதை ஒரு சம்பளச் சீட்டிலேயே பார்த்துவிடலாம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் வாங்கும் ஒருவரிடம் பி.எஃப். பிடித்தம் 1,800 ரூபாய். நிறுவனமும் 1,800 ரூபாய் போட வேண்டும். ஆனால் நிறுவனத்தின் பங்கு முழுவதும் தொழிலாளியின் கணக்கில் ஏறுவதில்லை. அதில் 8.33 சதவீதமான 1,250 ரூபாய் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. மீதி 550 ரூபாய்தான் வைப்பு நிதியில் சேர்கிறது. காப்பீட்டுக்கு 75 ரூபாய், நிர்வாகச் செலவுக்கு 75 ரூபாய் என நிறுவனம் மேலும் 150 ரூபாய் கட்டுகிறது. மத்திய அரசு தன் பங்காகச் சம்பளத்தில் 1.16 சதவீதத்தை ஓய்வூதிய நிதிக்குத் தருகிறது. இவை அனைத்தும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். 15,000 ரூபாய் என்பது 2014 செப்டம்பர் முதல் இருக்கும் உச்சவரம்பு. அதற்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு முழுச் சம்பளத்திலும் பிடிப்பதா, வரம்போடு நிறுத்துவதா என்பதை நிறுவனமும் தொழிலாளியும் முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தப் பணத்துக்குச் சட்டப்படி பொறுப்பாளர் மத்திய அறங்காவலர் வாரியம். மத்திய தொழிலாளர் அமைச்சர் அதன் தலைவர். மத்திய அரசின் பிரதிநிதிகள் 5 பேர் வரை, மாநில அரசுகளின் பிரதிநிதிகள் 15 பேர் வரை, முதலாளிகள் தரப்பில் 10 பேர், தொழிலாளர் தரப்பில் 10 பேர், பதவி வழியில் மத்திய வைப்பு நிதி ஆணையர் என்பது அதன் அமைப்பு. முத்தரப்பு வாரியம் என்று பெயர் இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் அரசுத் தரப்பு. தொழிலாளர் பிரதிநிதிகளும் சந்தாதாரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். மத்திய தொழிற்சங்கங்களோடு கலந்தாலோசித்து அரசு நியமிப்பவர்கள். சங்கமே இல்லாத தொழிலில் வேலை செய்பவருக்கு வாரியத்தில் யாரும் இல்லை என்றே சொல்லலாம்.

ஆண்டு வட்டியை வாரியம் பரிந்துரைக்கும். நிதி அமைச்சகம் ஒப்புதல் தந்த பிறகுதான் அது கணக்கில் ஏறும். இந்த ஒப்புதல் வெறும் சடங்கு அல்ல என்பது 2016இல் வெளிப்பட்டது. 2015-16ஆம் ஆண்டுக்கு வாரியம் 8.8 சதவீதம் என்றது. நிதி அமைச்சகம் 8.7 என்று குறைத்தது. சங்கங்கள் கொதித்தெழவே ஏப்ரல் இறுதியில் பழைய 8.8 திரும்பி வந்தது. அதே ஏப்ரலில்தான் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சாலைகளை மறித்தார்கள். வேலையை விட்டவர் நிறுவனத்தின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று பிப்ரவரியில் ஒரு விதித்திருத்தம் வந்திருந்தது. அடிக்கடி வேலை மாறி, பி.எஃப். பணத்தை நம்பியே இடைக்காலத்தைக் கடப்பவர்களுக்கு அது வயிற்றில் அடிக்கும் செயல். போராட்டம் வெடித்த இரண்டாம் நாளே அரசு திருத்தத்தைக் கைவிட்டது. வாரியத்தில் பத்து இருக்கைகளால் தடுக்க முடியாததைத் தெரு தடுத்தது.

முதலீட்டிலும் வாரியம் நினைத்தபடி செய்துவிட முடியாது. எந்த வகைப் பத்திரத்தில் எத்தனை சதவீதம் போடலாம் என்ற வரைமுறையை அரசு அறிவிக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பத்திரங்கள், பொதுத்துறைக் கடன்பத்திரங்கள் என்றே ஓடிய நிதி, 2015 ஆகஸ்டில்தான் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில் கால் வைத்தது. புதிதாக வரும் பணத்தில் முதலில் 5 சதவீதம், பிறகு 15 சதவீதம். தனிப்பட்ட கம்பெனிப் பங்குகளை வாரியம் நேரடியாக வாங்குவதில்லை. பங்குகளின் லாபம் விற்றால்தான் கைக்கு வரும் என்பதால் வட்டிக் கணக்கும் சிக்கலாகியது. 2019-20க்கு அறிவித்த 8.5 சதவீதத்தை ஒரே தவணையில் தர முடியாமல், கடன்பத்திர வருவாயிலிருந்து 8.15, பங்கு நிதிகளை விற்று 0.35 என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. 1990களில் 12 சதவீதம் பார்த்தவர்கள் 2021-22இல் 8.1க்கு இறங்கியதைப் பார்த்தார்கள். 2023-24க்கு அது 8.25. சந்தை ஏற்றத்தாழ்வை வாரியம் தன்னுள் வாங்கிக்கொண்டு உறுப்பினருக்கு ஒரே சீரான எண்ணைக் காட்டுகிறது. இது பெரிய ஆறுதல்தான். ஆனால் எந்த ஆண்டின் உபரி எந்தத் தலைமுறைக்குப் போனது என்று கண்டுபிடிக்க உறுப்பினருக்கு வழியில்லை.

நிறுவனமே தன் வைப்பு நிதியை நிர்வகிக்கும் ஏற்பாடு இவ்விஷயத்தின் மிகச் சுவையான பகுதி. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அரசுத் திட்டத்துக்குக் குறையாத சலுகை தரும் நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதைப் பயன்படுத்தின, டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ போன்றவையும் இப்படித் தனி டிரஸ்ட் நடத்தி வந்தவையே. விலக்கு வைப்பு நிதிக்கு மட்டும்தான். ஓய்வூதியத்துக்கான 8.33 சதவீதம் இவர்களிடமிருந்தும் அரசு நிதிக்கே போக வேண்டும். 0.5 சதவீத நிர்வாகக் கட்டணத்துக்குப் பதில் 0.18 சதவீத ஆய்வுக் கட்டணம் கட்டினால் போதும் என்பது நிறுவனத்துக்கு லாபம். கடனுக்கோ செட்டில்மென்டுக்கோ வைப்பு நிதி அலுவலகத்துக்கு அலையாமல், கம்பெனிக்குள்ளேயே மனுக் கொடுத்து வாங்கிவிடலாம் என்பது தொழிலாளிக்கு லாபம்.

டிரஸ்டின் அறங்காவலர் குழுவில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். தரப்புக்குக் குறைந்தது இருவர், அதிகம் போனால் ஆறு பேர். தொழிலாளர் தரப்பை அங்கீகரிக்கப்பட்ட சங்கம் நியமிக்கும். சங்கம் இல்லையேல் தேர்தல். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்டம் நடக்க வேண்டும். காகிதத்தில் இதைவிட ஜனநாயகமான அமைப்பு வேறு இல்லை. ஆனால் தலைவரை நியமிப்பது முதலாளி, அதுவும் தன் பிரதிநிதிகளிலிருந்து. வாக்குகள் சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. அதனால் சம எண்ணிக்கை என்பது கருத்து வேறுபாடு வராத வரைக்கும்தான் சமம். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: தொழிலாளர் தரப்பு அறங்காவலர் எதிரே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் நிறுவனத்தின் நிதித்துறைத் தலைவர் அல்லது மனிதவள அதிகாரி. கடன்பத்திரத்தின் தரமதிப்பீட்டைப் பற்றிக் கேள்வி கேட்பவரும் மறுநாள் அவர்களிடம்தான் விடுப்புக் கேட்டு நிற்க வேண்டும்.

இந்தக் குறையை ஈடுகட்டுவது வட்டி உத்தரவாதம். அரசு நிதி அறிவிக்கும் வட்டிக்குக் குறைவாக டிரஸ்ட் தரக்கூடாது. குறைந்தால் நிறுவனம் கையிலிருந்து போட வேண்டும். 400 கோடி ரூபாய் சேர்ந்துள்ள டிரஸ்ட் 7.75 சதவீதம் ஈட்டி, அரசு வட்டி 8.25 என்று அறிவிக்கப்பட்டால், நிறுவனம் 2 கோடி ரூபாய் எழுதிக் கொடுக்க வேண்டும். திருட்டு, மோசடி, முதலீட்டு நட்டம் எதுவானாலும் பொறுப்பு நிறுவனத்துடையது. கையைக் கட்டிப்போட்டு நீந்தச் சொல்வது போன்ற நிலை இது. முதலீட்டு வரைமுறை அரசு வகுத்தது. 45 சதவீதமாவது அரசுக் கடன்பத்திரங்களில் இருக்க வேண்டும், பங்குச் சந்தைப் பக்கம் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எட்ட வேண்டிய வட்டியோ ஆண்டு முடியும் தறுவாயில்தான் தெரியவருகிறது. தணிக்கையாளர்களும் இந்த உத்தரவாதத்தை நிறுவனத்தின் மேல் நிற்கும் பொறுப்பாகவே கருதி, மதிப்பீட்டாளரிடம் கணக்கிட்டு வாங்கச் சொல்கிறார்கள்.

உத்தரவாதத்தின் எடை 2018 செப்டம்பரில் தெரிந்தது. ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். குழுமம் கடனைத் திருப்பித் தர முடியாமல் தவறியது. சில வாரங்களுக்கு முன்புவரை உச்ச தரமதிப்பீடு பெற்றிருந்த அதன் பத்திரங்களில் பல வைப்பு நிதி டிரஸ்ட்கள் பணம் போட்டிருந்தன. அவை விதியை மீறவில்லை. உச்ச மதிப்பீடு உள்ள பத்திரங்களை வாங்கலாம் என்று வரைமுறையே சொன்னது. பணம் முடங்கியபோது, விதிப்படி நடந்தோம் என்று சொல்லி நிறுவனங்கள் ஒதுங்கிவிட முடியவில்லை. தொழிலாளியின் கணக்கு குறையாமல் பார்த்துக்கொள்ளும் கடமை அவற்றுக்கு இருந்தது. அதனால்தான் குறைந்த வட்டிக் காலத்தில் விலக்கைத் திருப்பி ஒப்படைத்து, சேர்ந்த பணம் முழுவதையும் அரசு நிதிக்கு மாற்றிவிடுவது பல நிறுவனங்களுக்கு நிம்மதியாகப் பட்டது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியது: உத்தரவாதம் தரும் நிறுவனம் நலமாக இருக்கும் வரைக்கும்தான் அதற்கு மதிப்பு. நிறுவனமும் நிதியும் ஒரே நேரத்தில் நொடித்தால் சட்டத்தின் மற்ற பாதுகாப்புகளைத்தான் தேட வேண்டும்.

1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் வேறு வகை. இதில் தனித்தனிக் கணக்கு கிடையாது. எல்லாம் ஒரே பொது நிதி. பத்தாண்டுப் பணி முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் தொடங்கும். சம்பளத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம். 20 ஆண்டுக்கு மேல் பணி செய்தவருக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேரும். உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு 33 ஆண்டு பணி செய்தால், இரண்டைக் கூட்டி 35 ஆண்டாகக் கணக்கிட்டு மாதம் 7,500 ரூபாய். விலைவாசிக்கேற்ப அது தானாக உயர்வதில்லை. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாய். ஒரு மாத மருந்துக்கே போதாத தொகை இது.

வெளிப்பார்வைக்கு இது அரசு தந்த உறுதிமொழி. உள்ளே பார்த்தால் அப்படி அல்ல. ஆண்டுதோறும் மதிப்பீட்டாளர் நிதியை ஆராய்வார். அதன் அடிப்படையில் சந்தா விகிதத்தையோ பலன்களையோ மத்திய அரசு மாற்றலாம் என்று திட்டத்தின் 32ஆம் பத்தி சொல்கிறது. அதாவது பற்றாக்குறை வந்தால் உறுப்பினர்களின் பலன் குறையலாம். குறைந்தும் இருக்கிறது. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கும் வசதியும் மூலதனத்தைத் திரும்பப் பெறும் வசதியும் 2008இல் நீக்கப்பட்டன. 2014இல் கணக்கிடும் சம்பளம் கடைசி 12 மாதச் சராசரியிலிருந்து 60 மாதச் சராசரியாக மாறியது. சம்பளம் ஏறிக்கொண்டே போகும் ஒருவருக்கு இது நேரடி இழப்பு.

அதே 2014 திருத்தம்தான் உயர் ஓய்வூதிய வழக்குகளுக்கு வித்து. முழுச் சம்பளத்துக்கும் சந்தா கட்டிவந்தவர்கள் ஓய்வூதியத்தையும் முழுச் சம்பளத்துக்குக் கணக்கிடக் கேட்டார்கள். நிறுவனமும் தொழிலாளியும் சேர்ந்து விருப்பம் தெரிவிக்கக் கடைசித் தேதி எதுவும் இல்லை என்று 2016இல் ஆர்.சி.குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் கேரள உயர் நீதிமன்றம் 2014 திருத்தத்தையே ரத்து செய்தது. விலக்கு பெற்ற நிறுவனங்களின் ஊழியருக்கு இச்சலுகை இல்லை என்று தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2017இல் சுற்றறிக்கை அனுப்பியது. கடைசியில் 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஆனால் வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு உறுப்பினரே 1.16 சதவீதம் கட்ட வேண்டும் என்ற பகுதியைச் செல்லாது என்றது. விலக்கு பெற்ற நிறுவன ஊழியரையும் மற்றவர்களுக்கு இணையாகவே நடத்த வேண்டும் என்றும் சொன்னது. விண்ணப்பிக்கும் கெடு 2023 ஜூலை 11 வரை பலமுறை நீட்டிக்கப்பட்டது. இத்தனை ஆண்டு இழுபறியிலும் வாரியக் கூட்டத்தில் தீர்ந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று நீதிமன்றத்தில்தான் தீர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு என்று வாரியத்தில் தனி இருக்கை ஒன்றும் கிடையாது.

பிடித்த பணத்தை நிறுவனம் கட்டாமல் விட்டால் சட்டம் கடுமையாகவே பேசுகிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஏ பிரிவு, ஆணையர் விசாரித்து நிலுவையைத் தீர்மானிக்க வழிசெய்தது. 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் 14பி பிரிவின் அபராதமும் இருந்தன. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாத முதலாளி, நம்பிக்கை மோசடிக் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். தொழிலாளியின் பங்கை உரிய தேதிக்குள் கட்டாத நிறுவனத்துக்கு வருமான வரிக் கழிவும் கிடைக்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. அபராதத்துக்கு அஞ்சாத நிறுவனங்கள்கூட இதற்கு அஞ்சுகின்றன. ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனம் கட்ட வேண்டும். நடைமுறையில், சட்டம் நழுவுவது இந்த இடத்தில்தான். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாதபோது நிலுவை என்று எதைக் கணக்கிடுவது?

நிறுவனம் திவாலானால் வைப்பு நிதி, ஓய்வூதியம், பணிக்கொடை நிதிகளிலிருந்து தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம் கலைப்புச் சொத்தில் சேராது என்கிறது 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 36ஆம் பிரிவு. ஜெட் ஏர்வேஸ் வழக்கில் இது சோதனைக்கு வந்தது. கம்பெனியை எடுத்து நடத்த வந்தவர்கள் ஊழியர்களின் வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் முழுதாகத் தர வேண்டும் என்று தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2023 ஜனவரியில் அதில் தலையிட மறுத்தது. 2024 நவம்பரில் அந்தக் கம்பெனியையே கலைக்க உத்தரவானது.

பணிக்கொடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், உச்சம் 20 லட்சம் ரூபாய். முழுச் செலவும் நிறுவனத்துடையது. ஆனால் அதற்காகத் தனி நிதி ஒதுக்கச் செய்யும் கட்டாயக் காப்பீட்டுப் பிரிவு 1987இல் சேர்க்கப்பட்டும் பெரும்பாலான மாநிலங்களில் நடப்புக்கு வராமல் கிடந்தது. கர்நாடகம் 2024இல்தான் விதி வகுத்தது. நிதி ஒதுக்காத சிறு நிறுவனம் மூடப்பட்டால் பணிக்கொடை வெறும் வழக்காகிவிடுகிறது.

அதிகாரிகளுக்காகப் பெரிய கம்பெனிகள் நடத்தும் ஓய்வூதிய டிரஸ்ட்களின் நிலை விசித்திரமானது. இவற்றுக்கு அங்கீகாரம் தருவது வருமான வரித்துறை. விதிகள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வகுக்கப்பட்டவை. டிரஸ்ட் திரும்பப் பெற முடியாததாக இருக்க வேண்டும், பணிக்கொடையும் பெறுபவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மொத்தமாக எடுக்கக்கூடாது, மீதிக்கு எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டாளரிடம் ஆண்டுத்தொகை வாங்க வேண்டும் என்பவை முக்கியமானவை. வரி அதிகாரி கவலைப்படுவது சலுகை தவறாகப் பயன்படுகிறதா என்பதைப் பற்றி. உறுப்பினருக்கு நியாயமான ஆண்டுத்தொகை கிடைக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. அறங்காவலர்களில் ஊழியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் வைப்பு நிதி டிரஸ்டில் இருப்பதுபோல் இங்கே இல்லை. பழைய திட்டங்களில் கடைசிச் சம்பளத்தின் அடிப்படையில் ஓய்வூதியம் உறுதி செய்யப்பட்டது. பின்னர் பெரும்பாலானவை சந்தா அடிப்படைக்கு மாறியதால் நட்டம் நிறுவனத்தின் தோளிலிருந்து இறங்கி ஊழியரின் தோளில் ஏறியது. அறங்காவலர் குழுவின் அமைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

தேசிய ஓய்வூதியத் திட்டம் இந்த வரிசையின் மறுமுனை. இங்கே உத்தரவாதமே இல்லை என்பது வெளிப்படை. வேலைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுள்ளன: கணக்கு எழுதுவது ஒரு நிறுவனம், முதலீடு செய்வது வேறு நிறுவனம், பத்திரங்களைக் காப்பது இன்னொன்று, உறுப்பினர்களின் சார்பில் சொத்துக்கு உரிமையாளராக நிற்பது 2008இல் அமைந்த டிரஸ்ட். இவை அனைத்துக்கும் மேலே 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகாரம் பெற்ற ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையம். கட்டணம் மிகக் குறைவு. முதலாளி பணத்தைத் தொடவே முடியாது. பழைய டிரஸ்ட்களில் இருந்த ஆபத்துகள் பல இதனால் ஒழிந்தன. ஆனால் நட்டம் முழுவதும் உறுப்பினருடையது, நிர்வாகத்தில் அவருக்கு வாக்கு இல்லை. நிதி மேலாளரை மாற்றிக்கொள்வதுதான் அவர் கையில் உள்ள முக்கிய ஆயுதம். அதையும் நிறுவனமே தேர்ந்தெடுத்துத் தரும் ஏற்பாடுகள் உண்டு.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வைப்பு நிதி, பணிக்கொடை உள்ளிட்ட ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கியது. அதன் சம்பள வரையறைப்படி, விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கருதப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிக் காட்டிப் பி.எஃப். பிடித்தத்தைக் குறைக்கும் வழக்கத்துக்கு இது கடிவாளம். மறுபக்கம், நிலுவை விசாரணையை 5 ஆண்டுக்குள் தொடங்கியாக வேண்டும் என்ற வரம்பு புதிதாக நுழைந்திருக்கிறது. பழைய சட்டத்தில் அப்படி வரம்பு இல்லை. வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்து, செட்டில்மென்டுக்குப் போகும்போதுதான் சந்தா கட்டப்படவில்லை என்று கண்டுபிடித்தவரும் அந்தச் சட்டத்தில் ஆணையரிடம் முறையிட முடிந்தது. மத்திய வாரியத்தின் முத்தரப்பு அமைப்பும் நிறுவன டிரஸ்ட்களுக்கான விலக்கும் புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. வருமான வரித்துறையின் கீழ் உள்ள ஓய்வூதிய டிரஸ்ட்களும் ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் உள்ள தேசிய ஓய்வூதியத் திட்டமும் அதன் எல்லைக்கு வெளியேதான் நிற்கின்றன.